நம்ம வீட்டு உடம்பு

மருத்துவமனை லிஃப்டில் முதலில் ஏறியது அண்ணன். பின்னாலேயே அண்ணி. அப்புறம் சாப்பாட்டுக் கூடையோடு அக்கா. கடைசியாகச் சின்னவனும் அவன் மனைவியும் ஏறியபோது, உள்ளே மருந்துத் தட்டோடு நின்றிருந்த நர்ஸ் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். கதவு மூடவில்லை. மணி விடாமல் கத்தியது.

"எட்டுப் பேர்னு எழுதியிருக்கு. நாம ஆறு பேர்தான் இருக்கோம்" என்றான் அண்ணன். "லிஃப்ட்ல ஏதோ கோளாறு. டேய் சின்னவனே, நீதான் லிஃப்ட் மெக்கானிக்காச்சே, என்னன்னு பாரு."

சின்னவன் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த லிஃப்டின் எடைக் கருவியை அளவு வைத்துப் பூட்டியவனே அவன்தான். அது சரியாகத்தான் கத்தியது.

"ஆமா, கோளாறுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கினான். மணி உடனே அடங்கியது. மூடிய கதவின் இடுக்கில் அவன் கடைசியாகப் பார்த்தது, சிரிப்பை அடக்கக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நர்ஸின் முகம்.

அப்பா நாலாவது மாடியில் இருந்தார். இதயத்தில் இருந்த அடைப்பை நீக்கி, ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். சின்னவன் படியேறினான். மூன்றாவது மாடிக்குப் போவதற்குள் மூச்சு இரைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலேயிருந்து இறங்கி வந்த டாக்டரம்மா அவனைத் தாண்டிப் போய், பிறகு திரும்பிப் பார்த்தார்.

"ஜன்னலோரக் கட்டில்ல இருக்கறவரோட பையனா நீங்க?"

"ஆமா டாக்டர். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"முகம் அச்சு அசல் அப்படியே இருக்கு. மூச்சும் அப்படியேதான் வாங்குது. நாளைக்கு வெறும் வயித்துல வாங்க, உங்களுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்."

பார்த்தார்கள். சர்க்கரை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. இன்னும் உள்ளே வரவில்லை, அவ்வளவுதான். எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டரம்மா.

சின்னவனுக்குச் சிரிப்பு வந்தது. "இது எங்க வீட்டு உடம்பு டாக்டர். அப்பா, அத்தை, அண்ணன், அக்கா எல்லாருமே இப்படித்தான். விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்? ரத்தத்துல இருக்கறத மாத்த முடியுமா?"

"ரத்தத்துல இருக்கறத மாத்த முடியாது" என்றார் அவர் நிதானமாக. "ஆனா எல்லாமே ரத்தத்துலதான் இருக்குன்னு யார் சொன்னா? கொஞ்சம் ரத்தத்துல இருக்கும், கொஞ்சம் வீட்டுல இருக்கும். எது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. நான் உங்க வீட்டுல வந்து சாப்பிட்டதில்லையே."

அந்தப் பேச்சு பல்லிடுக்கில் மாட்டிய நார் போல அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் எல்லாரும் மோட்டாரைத்தான் குறை சொல்வார்கள். திறந்து பார்த்தால் பாதி நேரம் மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். எங்கேயோ ஒரு கதவு சரியாகச் சேராமல் இருக்கும். அதனால் பழுது பார்க்கப் போனால் அவன் எடுத்த எடுப்பில் எதையும் தொடுவதில்லை. சும்மா ஏறி, இரண்டு தடவை மேலும் கீழும் போய், காதைக் கொடுத்துக் கேட்பான். இத்தனை வருஷத்தில் தன் வீட்டை அப்படிக் கேட்டதே இல்லை என்று தோன்றியது.

அப்பா வீடு திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வழக்கம்போல அங்கே மதியச் சாப்பாட்டுக்குக் கூடினார்கள். அம்மா போன பிறகு அப்பாவோடு இருப்பது அக்காதான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தையல் கடை வேலையையும் பார்த்துக்கொண்டு, சமையலறையையும் அவளே ஆண்டுவந்தாள். அன்றைக்குச் சோறு, கோழிக்கறி, பருப்பு, வறுத்த உருளைக்கிழங்கு. அப்பாவுக்கு மட்டும் உப்புக் குறைத்துத் தனிக் கிண்ணம்.

சின்னவன் தட்டைப் பார்க்காமல் மனிதர்களைப் பார்த்தான்.

முதலில் அவன் கண்ணில் பட்டது 'போதும்' என்ற சொல். அந்த வீட்டில் அதற்கு அர்த்தமே வேறு. 'போதும்' என்றால் இன்னும் ஒரு கரண்டி. 'போதும் போதும்' என்றால் இரண்டு கரண்டி. தட்டின் மேல் கையை வைத்து மறைத்தால், விரல் இடுக்கு வழியாகவாவது ஏதாவது வந்து விழும். மரியாதைக்குச் சொல்கிறவர்களும் மரியாதைக்குப் போடுகிறவளுமாக, வயிற்றை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்தது, உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. டிவி ரிமோட் அண்ணனுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. அவன் அடுப்படியில் இருந்த அண்ணியைக் கூப்பிட்டு அதை எடுத்துத் தரச் சொன்னான். அண்ணன் பஸ் டிரைவர். டிப்போவில் அவனுக்கு 'டபுள் டெக்கர்' என்று பெயர்; அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மூன்றாவது, வேகம். சின்னவனின் மனைவி தனக்குச் சோறு போட்டுக்கொண்டு உட்காருவதற்குள் அப்பாவின் தட்டு காலி. அண்ணனும் அக்காவும் அவர் பின்னாலேயே. ரயில் கிளம்பப் போகிற மாதிரி எல்லாரும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் தன் தட்டைக் குனிந்து பார்த்தான். அதுவும் காலி. எப்போது சாப்பிட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அண்ணியின் மணிக்கட்டு அவன் கண்ணில் பட்டது. கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் அவளுக்கு அப்போதெல்லாம் நழுவி நழுவி விழும். வாரில் கூடுதலாக ஓட்டை போட்டுக் கொடுத்தவனே சின்னவன்தான். இப்போது அந்த வார் கடைசி ஓட்டையில், சதையில் புதைந்து கிடந்தது.

"அண்ணி, உங்க அம்மா வீட்டுல யாராவது குண்டா இருக்காங்களா?"

அண்ணன் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தான்.

"இல்லையே" என்றாள் அண்ணி. "எங்கம்மா இன்னிக்கும் காத்தடிச்சா பறந்துடுவாங்க. ஏன்?"

"அப்ப உங்களுக்கு எப்படி வந்துச்சு? உங்களுக்கும் எங்களுக்கும் ரத்த சம்பந்தமே இல்லையே."

"டேய், என் பொண்டாட்டிகிட்ட என்னடா கேள்வி கேக்கற?" என்றான் அண்ணன். "நம்ம வீட்டுக்குள்ள வந்துட்டா பச்சத்தண்ணி குடிச்சாலே சதை போடும். வாசப்படி ராசி அப்படி."

ஆனால் அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அதானே" என்றாள். "எனக்கு எப்படி வந்துச்சு?"

சின்னவனுக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. வேலை சீக்கிரம் முடிந்த ஒரு நாள் மதியம், அப்பாவைத் தனியாகப் பிடித்தான்.

"அப்பா, நீங்க எப்ப இருந்து இவ்வளவு வேகமா சாப்பிடறீங்க?"

அப்பா கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவர். கேள்வியை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றார்.

"சின்ன வயசுல நான் ரொம்ப மெதுவு. 'தட்டு காய்ஞ்சு போச்சுடா'ன்னு எங்கம்மா திட்டுவாங்க. ஃபேக்டரிக்குப் போன அப்புறம்தான் இப்படி. உலையை அணைக்க முடியாது, மெஷினை நிறுத்த முடியாது. நான் சாப்பிடப் போனா பக்கத்துல இருக்கறவன் என்னோடதையும் சேர்த்துப் பார்ப்பான். அந்த சூட்டுல அவன் ரெண்டு மெஷினுக்கும் நடுவுல ஓடறதப் பார்த்துக்கிட்டு நிதானமா மெல்ல முடியுமா? முழுங்கிட்டு ஓடுவேன்."

"அதான் வேலையில இருந்து ஓய்வு வாங்கி இவ்வளவு நாளாச்சே."

அப்பா மகனைப் பார்த்தார். "ஆமா" என்றார் மெதுவாக. "அதுக்கப்புறம் யாரும் நிறுத்தச் சொல்லலையே."

அந்த உலை அணைந்து வருஷக்கணக்கான பிறகும் அதன் அவசரம் இந்தச் சாப்பாட்டு மேசையில் எரிந்துகொண்டிருக்கிறது என்பது சின்னவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனும் அண்ணனும் அக்காவும் அந்தத் தொழிற்சாலைக்குள் காலடி வைத்ததே இல்லை. ஆனாலும் மூன்று பேரும் யாரோ ஒருவர் அங்கே தனக்காக வெந்துகொண்டிருக்கிற மாதிரிதான் சாப்பிட்டார்கள்.

"உங்கப்பா எப்படி? அவரும் நம்மள மாதிரியா?"

"எங்கப்பாவா? குச்சி. சட்டையக் கழட்டினா எலும்ப எண்ணிடலாம்."

"அப்ப பரம்பரைன்னு நாம சொல்றது உங்ககிட்ட இருந்துதானா?"

"அப்படியும் சொல்ல முடியாது" என்றார் அப்பா. அவருக்கும் இப்போது ஆர்வம் வந்துவிட்டது. தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க அத்தையப் பாரு. பொறந்தப்பவே கொழுகொழுன்னு இருந்தா. கொறிக்கிற மாதிரிதான் சாப்பிடுவா, நாள் பூரா நடந்துக்கிட்டே இருப்பா. ஆனாலும் என்னைவிட அவதான் குண்டு. அது எங்க இருந்து வந்துச்சு?"

இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. ஒரே லிஃப்டில் இரண்டு பழுது என்று சின்னவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். ஒன்று கைக்கு எட்டும். இன்னொன்று எட்டாது. எட்டுகிறதைச் சரிசெய்தால் எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்த்துவிட வேண்டியதுதான்.

அவன் பட்டினி கிடக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரித்துப் போடவும் இல்லை. ஒன்றை மட்டும் மாற்று, என்ன ஆகிறதென்று பார், பிறகு அடுத்தது. முதலில் எடுத்தது வேகத்தை. மெதுவாக மெல்லுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. வாயில் இருப்பது இறங்குவதற்குள் கை அடுத்த வாயை நீட்டியது. ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கீழே வைத்தான். பாதித் தட்டில் வயிறு ஏதோ சொல்வது கேட்டது. இவ்வளவு காலம் அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதற்குள் இவன் சாப்பிட்டு எழுந்து போயிருப்பான்.

"நொறுங்கத் தின்னா நூறு வயசு" என்றாள் மனைவி, பாராட்டாக.

இது அண்ணன் காதுக்குப் போனது. "அந்த நூறு வயசையும் அவன் மென்னுக்கிட்டேதான் இருக்கப் போறான்" என்றான் அவன்.

பிறகு டீயில் சர்க்கரை போனது. வேனில் கருவிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்த பிஸ்கட் டப்பா போனது. சரியாகத் தூங்காத மறுநாள்தான் கை தானாகப் பிஸ்கட்டைத் தேடுகிறது என்று கண்டுபிடித்தபோது, படுக்கையில் போன் பார்ப்பதையும் விட்டான். வேலைக்குப் போகிற கட்டடங்களில் படியேறத் தொடங்கினான். அதில்தான் ஒரு சங்கடம். பழுது பார்த்து முடித்து, "இனிமே பயமில்ல, தாராளமா போகலாம்" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி வழியாக இறங்குவான். ஒரு வீட்டுக்காரம்மா கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்துக் கேட்டே விட்டாள்.

"ஏம்பா, நீயே அதுல போக மாட்டேங்கற. எங்கள மட்டும் போகச் சொல்றியே?"

அவளை நம்ப வைக்க அவளோடு ஒரு தடவை மேலே போய், கீழே வந்து, பிறகு விட்டுப்போன படிகளுக்காக மறுபடி முதலிலிருந்து ஏறி இறங்கினான்.

மனைவியும் கூடச் சேர்ந்துகொண்டாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறவள். இருவரும் ஒரே சாப்பாடு, ஒரே நடை, ஒரே தூக்கம். அவளுக்கு மட்டும் மடமடவென்று இறங்கியது. இவனுக்குக் கொஞ்சம் இறங்கியது, நின்றது, மறுபடி கொஞ்சம் இறங்கியது, பிறகு பல்லி மாதிரி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டது. அவளுடைய பழைய பாவாடைகள் பீரோவிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தபோது, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உனக்கென்ன, ஒல்லி வீட்டு ரத்தம்."

"நேத்து வரைக்கும் ரத்தத்துல ஒண்ணுமில்ல, எல்லாம் பழக்கம்னு சொன்னீங்க."

"நேத்து நீ இந்தப் பாவாடை போடல."

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "ரத்தத்துல கொஞ்சம் இருக்கும்னு சொன்னேனே, அது இதுதான்" என்றார். "அவங்க சமதரையில நடக்கறாங்க. நீங்க மேட்டுல ஏறறீங்க. மேடுன்னு தெரிஞ்சுடுச்சு இல்ல, இனிமே அவங்களப் பார்த்துக்கிட்டு நடக்காதீங்க." சர்க்கரை அதற்குள் வாசலை விட்டு இறங்கித் தெருவுக்குப் போயிருந்தது. எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே அது இறங்கியதுதான் அவனுக்குப் புதிராக இருந்தது. அதையும் கேட்டான்; எடை குறையும்வரை காத்திராமல் நடையே சர்க்கரையைக் கரைக்கும் என்றார் அவர்.

மேடும் பள்ளமும் ஒரு பக்கம் இருக்க, உண்மையான முட்டுக்கட்டை அக்காவிடமிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் 'போதும்' என்றால் அது போதும்தான் என்பது அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. முதலில் கேலி செய்தாள். பிறகு "ஒரே ஒரு கரண்டிடா, எனக்காக" என்று கெஞ்சினாள். பிறகு பேச்சைக் குறைத்தாள். ஒரு ஞாயிறு அவன் போய் உட்கார்ந்தபோது, எல்லார் முன்னாலும் தட்டு இருந்தது. அவன் முன்னால் இல்லை.

"உனக்குத்தான் எதுவும் வேண்டாமே" என்றாள் அக்கா.

"வேண்டாம்னு எப்பக்கா சொன்னேன்? அளவா போடுன்னுதானே சொன்னேன்."

"அளவு." அந்தச் சொல்லை அவள் கசப்பு மாத்திரை மாதிரி சொன்னாள். "எங்களப் பார்த்தா உனக்கு அசிங்கமா இருக்கு. நேரா சொல்லிட்டுப் போ. போன தடவை நீ வாசல்ல நின்னப்ப ஒரு நிமிஷம் யாரோன்னு நினைச்சுட்டேன். அப்பாவோட முகம் உன் முகத்துல இருந்து போயிடுச்சு, தெரியுமா உனக்கு?"

அண்ணன்கூட எந்தக் கேலியும் செய்யவில்லை. யாரை விட்டும் விலகிப் போக வேண்டுமென்று சின்னவன் இதைத் தொடங்கவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் கிளம்பினான். ஆனால் அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் தம்பி கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறான். அதை எந்த வாதத்தால் சரிசெய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சரிசெய்தது அப்பா. அதுவும் தெரியாமல் செய்தார்.

"முகம் எங்கயும் போகலம்மா. அவனுக்கும் தட்டு வை" என்றார் அவர். பிறகு மகனிடம், "நீ எப்படிடா மெதுவா சாப்பிடற? எனக்கும் டாக்டர் அதத்தான் சொல்றாங்க. வரமாட்டேங்குது. சொல்லிக் குடு" என்றார்.

சின்னவன் சொல்லிக் கொடுத்தான். ஒரு வாய் எடுங்க. கரண்டியக் கீழ வைங்க. கையை மடியில வெச்சுக்குங்க. அப்பா தேர்வு எழுதுகிற பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மென்றார். மூன்றாவது வாயிலேயே கரண்டி தானாக எழும்பியது, இறக்கி வைத்தார். எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மற்றவர்கள் சாப்பிடுவதும் மெதுவாகிவிட்டது. டிவியை யார் அணைத்தார்கள் என்று தெரியவில்லை.

திடீரென்று அப்பா மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தப் பருப்புல என்ன போட்டிருக்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

"ஏன், நல்லா இல்லையா? உப்புக் குறைச்சலாத்தான் போட்டேன்."

"இல்லம்மா. கடைசியில புளிப்பா ஒண்ணு வருது. முன்னாடியெல்லாம் இது இல்லையே."

"எலுமிச்சை பிழிஞ்சேன்" என்றாள் அக்கா. "எப்பவுமே பிழியறதுதான்."

"எப்பவுமேவா?"

"நான் சமைக்க ஆரம்பிச்சதுல இருந்து."

அப்பா மறுபடி ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "அருமையா இருக்கு" என்றார். "இவ்வளவு வருஷமா இதத்தானா முழுங்கிட்டு இருந்தேன்?"

அக்கா கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, முகம் கழுவுகிற சாக்கில் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. சின்னவன் முன்னால் ஒரு தட்டை வைத்து, பருப்பும் சோறும் அளவாகப் போட்டாள். பிறகு அங்கேயே நின்றாள். அவனிடம் அவள் கேட்டது கட்டளை மாதிரி இருந்தது.

"உருளைக்கிழங்குல என்ன இருக்குன்னு சொல்லு பார்ப்போம்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. அக்கா பாத்திரங்களைச் சிறிதாக்கினாள், ருசிகளைக் கூட்டினாள். அவள் வைக்கிற பரீட்சையில் அண்ணிதான் அதிகம் ஜெயித்தாள். அவளுடைய கடிகார வாரும் ஓர் ஓட்டை உள்ளே போனது. அண்ணன் மட்டும் அசையவில்லை. "நான் ஒருத்தனாவது பரம்பரையக் காப்பாத்தறேன்" என்று சொல்லி இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டான். ஆனால் வீட்டிலிருந்து டிப்போ வாசல் வரைக்கும் ஆட்டோவில் போவதை விட்டுவிட்டான் என்று அண்ணி தனியாகச் சொன்னாள். அதைச் சொன்னதாக அவனிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது சின்னவன் பதினோரு கிலோ குறைந்திருந்தான். ஒல்லியாகவில்லை, தெருவில் போனால் யாரும் அவனை ஒல்லி என்று சொல்லவும் மாட்டார்கள். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் இரண்டு கிலோ திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். மேடு மேடாகவேதான் இருந்தது. அத்தை ஏன் அப்படி இருக்கிறாள் என்பதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அப்பாவும் அவனும் அதைப் பற்றி இப்போதும் பேசிக்கொள்கிறார்கள்.

மெதுவாகச் சாப்பிட்டதில் இன்னொன்றும் நடந்தது. மற்றவர்கள் முடிக்க நேரமானதால், பரிமாறிவிட்டுக் கடைசியில் அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிற அக்காவும் அவர்களோடு உட்காரத் தொடங்கினாள். அப்படி உட்கார்ந்த முதல் நாள், அண்ணி கோழிக்கறியை எடுத்து அவள் தட்டில் போடப் போனாள். அக்கா கையால் தட்டை மறைத்தாள்.

"எனக்குக் கறி பிடிக்காது."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"எப்ப இருந்துக்கா?" என்றான் சின்னவன்.

"எப்பவுமே."

"அப்ப வாரா வாரம் கறி சமைச்சியே, நீ என்ன சாப்பிட்ட?" என்று கேட்டான் அண்ணன்.

"மீந்தத. எது மீந்துச்சோ அத."

அண்ணன் கையிலிருந்த எலும்பைத் தட்டில் வைத்தான். "சரி, உனக்கு என்னதான் பிடிக்கும்?"

அக்கா யோசித்தாள். மேசையில் இருந்த ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"தெரியலையேடா" என்றாள் கடைசியில். அவளுக்கே அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டாள். "இனிமேதான் பார்க்கணும்."